அழுத்தாத பொத்தான்

நான் ராக்கெட் விட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய காஞ்சிபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் எல்லாரும் என்னை "ராக்கெட் விட்டவரு" என்றுதான் சொல்கிறார்கள். கீழ்வீட்டில் தறி போட்டிருக்கும் பச்சையப்பன், செல்போனில் வழி காட்டும் படம் கொஞ்சம் பிசகினாலும் மாடியேறி வந்து என்னிடம் முறையிடுவார். "இன்னா சார் உங்க சாட்டிலைட்டு? பொடவ எடுக்க வந்த பார்ட்டிய முட்டுச் சந்துல கொண்டாந்து வுட்டுட்டு கம்முனு இருக்குது" என்பார். மேலிடத்தில் சொல்லிவைப்பதாகச் சொல்லி அனுப்புவேன். உண்மை வேறு. முப்பது வருடத்துக்கு மேல் நான் ஒரு கடலோர ஏவுதளத்தில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை ராக்கெட்டை விடுவது அல்ல, தேவைப்பட்டால் அதை நடுவானில் உடைப்பது.

ஒவ்வொரு ராக்கெட்டிலும் ஒரு சின்ன வெடிமருந்துப் பொதி இருக்கும். ராக்கெட் வழி தவறி ஊர்ப்பக்கம் திரும்பினால் தரையிலிருந்து ஒருவர் பொத்தானை அழுத்துவார். அது கடலுக்கு மேலேயே துண்டாகி விழும். அவர் உட்காரும் இடத்துக்குப் பாதுகாப்பு நாற்காலி என்று பெயர். ஏவும் நாள் மற்ற எல்லாருக்கும் திருவிழா. நாற்காலிக்காரனுக்கு மட்டும், தன் வேலை தனக்கு வராமல் போனால் அது நல்ல நாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் நிவேதா என்கிற பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பிரிவில் சேர்ந்தவள். நேரில் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு பகல் வேளையில் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், உங்க சேர எடுத்துட்டோம் சார்!" என்று சந்தோஷமாக ஆரம்பித்தாள். இனி அந்தப் பாதுகாப்பு நாற்காலியில் ஆள் கிடையாதாம், ஒரு கணினிப் பெட்டிதானாம். நாங்கள் திரையில் பார்த்த அதே தகவல்களை அது வாங்கிக்கொள்ளும், ராக்கெட் எல்லைக் கோடு தாண்டினால் தானே பொத்தானை அழுத்திவிடும். சின்ன ராக்கெட்டுகள் அடிக்கடி போகப் போகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பழக்கி உட்கார வைக்க முடியாது என்றாள். நியாயம்தான் என்றேன்.

"பழைய ஃப்ளைட் டேட்டா எல்லாத்தையும் பெட்டில ஓட்டிப் பாத்தோம் சார். எல்லாம் மேட்ச் ஆச்சு. ஒண்ணே ஒண்ணுல மட்டும் பெட்டி ராக்கெட்ட ஒடச்சிடுச்சு. உங்க கடைசி ஃப்ளைட் சார், அந்த நேவிகேஷன் சாட்டிலைட் போனது. நீங்க அன்னிக்கி அழுத்தல. ராக்கெட்டும் நல்லாத்தான் இருந்திருக்கு. ரிப்போர்ட்ல 'ரேடார் மீது சந்தேகம் ஏற்பட்டதால் காத்திருந்தேன்'னு நீங்க சைன் பண்ணியிருக்கீங்க. செம ஜட்ஜ்மென்ட் சார்! அத வச்சுத்தான் பெட்டிக்கும் கோடு தாண்டினப்புறம் காத்திருக்க ஒரு மூணு செகண்ட் கிரேஸ் குடுக்கலாம்னு ப்ரொபோஸ் பண்றோம். கமிட்டில சர்க்குலேட் பண்ண, உங்க அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க சார்."

எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் சாதம் குழைந்துபோயிருந்தது. அன்று அதைச் சாப்பிடவும் இல்லை.

படித்த கதை, சேர்ந்த கதை எல்லாம் சுருக்கமாகப் போகட்டும். அப்பா தறிக்காரர். எனக்கு நெசவு வரவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. டிப்ளமோ முடித்து ரேடார் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், பரீட்சைகள் எழுதி மெதுவாக மேலே வந்தேன். கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து கடைசியில் இல்லாமலே போனது. நாற்பது வயதை நெருங்கும்போது வசுமதி மேடம் கூப்பிட்டனுப்பினார். பாதுகாப்புப் பிரிவின் தலைவர். என்னைவிட ஒரு வயதுதான் பெரியவர். கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்கு இங்க நெருக்கமானவங்க யாரு?" என்பதுதான். யாரும் இல்லை என்றேன். "நல்லது" என்றார். அதற்கு முன்னும் பின்னும் என்னிடம் யாரும் அதை நல்லது என்று சொன்னதில்லை.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ராக்கெட்டை ஏவும் வேலைகள் தொடங்கிய நாளிலிருந்து அது மேலே போகிற நாள்வரை, ராக்கெட்காரர்களோடும் செயற்கைக்கோள்காரர்களோடும் நாங்கள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பேசலாம், கூட்டத்தில் சண்டை போடலாம், ஆனால் ஒரே மேசையில் கை நனைக்கக் கூடாது. எழுத்தில் இல்லாத விதி இது. கேன்டீனில் மூலையில் எங்களுக்கு ஒரு மேசை, அதற்குப் பெயர் அழிப்பான் மேசை. சாம்பார் வாளிகூட அங்கே கடைசியில்தான் வரும், அதுவும் காய் ஒன்றும் மிஞ்சாமல். அங்கே நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களுக்குக் கணக்கில்லை.

வசுமதி மேடம் பயிற்சி கொடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் பொய்யான ஏவுதல் நடக்கும். திரையில் ஒரு புள்ளி நகரும். ராக்கெட் இந்த நிமிடம் அணைந்துபோனால் எங்கே வந்து விழும் என்பதைக் காட்டும் புள்ளி அது. கரைக்கு முன்னால், கடலுக்குள்ளேயே ஒரு சிவப்புக் கோடு. புள்ளி கோட்டைத் தாண்டினால் மூடியைத் தூக்கிப் பொத்தானை அழுத்த வேண்டும். மேடம் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தொந்தரவு பண்ணுவார். சூடான பஜ்ஜித் தட்டைக் கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார். ஊரிலிருந்து தந்தி வந்திருப்பதாக ஒருவரை விட்டுச் சொல்லவைப்பார். ஒருநாள் என் பெயரைச் சொல்லி மெல்ல அழக்கூடச் செய்தார். திரும்பிப் பார்த்தால் அன்றைக்குப் பயிற்சி அவ்வளவுதான், விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். நன்றாகச் செய்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். எத்தனை வருடமானாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒரு பயிற்சியில் நான் ஒரு விநாடி தயங்கிவிட்டேன். ராக்கெட்டின் மற்ற அளவுகள் எல்லாம் நன்றாக இருந்தன, அதனால் யோசித்தேன். மேடம் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் போனார். அங்கே செல்வியம்மா என்று ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார்.

"இன்னா மேடம், இன்னிக்கி வெடி நாளா? போட்டுங்கள உள்ள வுட வேணாமா?" என்று செல்வியம்மா கேட்டார். ராக்கெட் விடும் நாளுக்குக் குப்பத்தில் வெடி நாள் என்று பெயர், அன்றைக்குப் படகுகள் கடலுக்குள் போகக் கூடாது.

"இல்லம்மா, சும்மா டீ குடிக்க வந்தோம்" என்றார் மேடம். பாதி டீ குடித்தபின் என் பக்கம் திரும்பினார். "நீங்க யோசிச்ச அந்த ஒரு செகண்டுல புள்ளி கோட்டுல இருந்து கெளம்பி இந்தக் கரைக்குப் பாதி தூரம் வந்துடுச்சு. ராக்கெட் நல்லா இருக்கான்னு கேக்குறது உங்க வேலை இல்ல, ஏகாம்பரம். அதுக்கு அறுபது பேர் இருக்காங்க. எங்க விழும்னு மட்டும் பாருங்க."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தோம். அதன் பிறகு எங்கள் அறையில் அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பெயரே செல்விக் கோடு என்று ஆகிவிட்டது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் மேடம் அந்தப் பெஞ்சுக்கு ஒருமுறை கூட்டிப் போவார். இப்போது பெட்டியை யாரும் கூட்டிப் போயிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நெருக்கமானவர் யாரும் இல்லை என்று நான் மேடத்திடம் சொன்னது அன்றைக்கு உண்மை. பிறகுதான் தரணேந்திரன் வந்து சேர்ந்தான். வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கும் ஜைனக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் குடியிருப்பில் எதிர் வீடு. இரண்டு பேரும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதால் மாதம் ஒருமுறை ஒரே பேருந்தில் ஊருக்குப் போவோம். வாலாஜாபாத்தில் அவன் இறங்கிக்கொள்வான், நான் காஞ்சிபுரம்வரை போவேன். அவன் மனைவி பத்மா, ஆரம்பத்தில் ரசம் கொடுத்தனுப்பினாள், அப்புறம் குழம்பு, அப்புறம் எனக்கென்று தனியாக ஒரு டப்பா. அவர்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்துவிடும், அந்தப் பாவம் வேண்டாம் என்பது அவர்கள் வழக்கம். அதனால் நானும் ஐந்தரை மணிக்கெல்லாம் சாப்பிடப் பழகினேன். வீடு என்று எனக்கு ஒன்று இருந்தது என்றால் அந்த ஐந்தரை மணிதான்.

தரணி கடிகாரம் செய்கிறவன். வழிகாட்டும் செயற்கைக்கோள் என்பது அடிப்படையில் வானத்தில் சுற்றும் ஒரு கடிகாரம். அது அனுப்பும் நேரமும் கையிலுள்ள போனின் நேரமும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன என்பதை வைத்துத்தான் நாம் நிற்கும் இடம் தெரிகிறது. பெரிய செயற்கைக்கோள்கள் மிக உயரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் சந்துபொந்துக்குள் வருவதற்குள் தேய்ந்துபோகும். சின்னச் சின்னக் கோள்களைச் சின்ன ராக்கெட்டில் ஏற்றி, பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றவிட்டால் பச்சையப்பன் வீட்டுச் சந்துக்கும் சரியாக வழி காட்டலாம். அதற்குச் சின்னக் கடிகாரம் வேண்டும். டிபன் கேரியரின் ஒரு அடுக்கு அளவில் அப்படி ஒன்றைச் செய்ய தரணிக்குப் பதினோரு வருடம் ஆனது. மூன்று முறை திட்டத்தையே மூடப் பார்த்தார்கள். அவன் தலை நரைத்தது முழுக்க அந்தப் பதினோரு வருடத்தில்தான்.

அந்தக் கடிகாரம் ஏறிய ராக்கெட்டுக்கு என்னை நாற்காலியில் போட்டார்கள். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில், 'இந்த ஏவுதலில் உங்கள் உறவினர் எவரேனும் ஈடுபட்டுள்ளனரா?' என்று ஒரு கேள்வி. தரணி உறவினன் இல்லை. நான் முதலியார் வீடு, அவன் நயினார் வீடு. இல்லை என்று எழுதினேன். மேடம் படிவத்தைப் பார்த்தபடியே, "நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம்தான் என்றேன். நான் செய்த முதல் தப்பு அது. நான் இல்லாமல் அந்த ராக்கெட் போகக் கூடாது என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான் காரணம்.

அன்றிலிருந்து நாற்பது நாள் எதிர்வீட்டுப் பக்கம் போகவில்லை. ஐந்தரை மணிக்குப் பத்மா தட்டு எடுத்து வைக்கும் சத்தம் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கும். வாசலில் நிற்கும் தரணி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவான். எனக்குத் தனிமை புதிதில்லை. ஆனால் எதிரிலேயே ஒரு வீடு இருந்தும் போக முடியாத தனிமையை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஏவும் நாள் காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே எவர்சில்வர் டப்பா, எலுமிச்சம்பழச் சாதம். மூடியில் 'த.பத்மா' என்று பெயர் வெட்டியிருந்தது. திருப்பிக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். நான் அதை நாற்காலி அறைக்கே எடுத்துப்போய், பத்து மணிக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். டப்பாவை மேசைக்கு அடியில் வைத்தேன். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேடம் அதைப் பார்த்தாரா என்று அப்போது எனக்குத் தெரியாது.

ராக்கெட் ஒழுங்காகத்தான் கிளம்பியது. என்னிடம் இரண்டு தகவல் வரும். ஒன்று, ராக்கெட் தானே தன் இடத்தைச் சொல்லி அனுப்புவது. இன்னொன்று, தரையிலுள்ள ரேடார் சொல்வது. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ராக்கெட் தெற்கே திரும்பும். திரும்பும்போது அதன் ஆன்டெனா எங்கள் பக்கம் பார்க்காது, அதனால் சில விநாடிக்கு அது பேசாது. எதிர்பார்த்ததுதான். அந்தச் சில விநாடிகளுக்கு ரேடார் சொல்வதுதான் வேதவாக்கு என்று விதியில் எழுதியிருக்கிறது. ராக்கெட் பேச்சை நிறுத்தியது. ரேடாரின் புள்ளி மட்டும் திரையில் இருந்தது. அது கரைப்பக்கம் சாய்ந்தது. செல்விக் கோட்டைத் தொட்டது. தாண்டியது.

சாவியைத் திருப்பினேன். மூடியைத் தூக்கினேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

அந்த நேரத்தில் என் மனசில் என்ன ஓடியது என்பதைத்தான் நிவேதா கேட்கிறாள். ரேடார்மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. அந்தப் பிரிவிலிருந்து வந்தவன் நான், காலையிலிருந்து அது பிசகில்லாமல் வேலை செய்ததும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் தரணியின் நரைத்த தலைதான். இதை உடைத்துவிட்டு இன்று ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பேன் என்று நினைத்தேன். புள்ளி நகர்ந்துகொண்டே இருந்தது. கடலைத் தாண்டி, படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் மணலுக்கு வந்தது. செல்வியம்மாவின் பெஞ்சு அங்கிருந்து கூப்பிடு தூரம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் விரல் கீழே போகவில்லை.

இரண்டு புள்ளி நான்கு விநாடி. அதற்குப் பிறகு ராக்கெட் மறுபடி பேசியது. அது போக வேண்டிய பாதையில் மயிரிழை பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. ரேடார்தான் உண்மையான எதிரொலியை விட்டுவிட்டுப் பக்கத்து எதிரொலி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது ஒரு வாரம் கழித்து எல்லாரும் உட்கார்ந்து கண்டுபிடித்த விஷயம். அந்த இரண்டு புள்ளி நான்கு விநாடியில் அது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

கோள் தன் பாதையில் போய்ச் சேர்ந்ததும் அடுத்த அறையில் கை தட்டினார்கள், அழுதார்கள், லட்டுப் பெட்டியை உடைத்தார்கள். மேடம் என் பக்கத்தில் வந்து நின்று, சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அறிக்கைத் தாளை மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"கோடு தாண்டியும் அழுத்தல. காரணம் என்னன்னு எழுதணும். சொல்லுங்க."

"ரேடார் மேல சந்தேகம் வந்துச்சு மேடம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் சொன்னதை மாற்றாமல் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். கதவுவரை போனவர் திரும்பினார். "நீங்க சொன்னத எழுதியிருக்கேன். நான் பாத்தத எழுதல. டப்பாவ எடுத்துக்குங்க, கழுவாம கெடக்குது."

மறுநாள் எனக்கு வானிலைப் பிரிவில் மேசை போட்டிருந்தார்கள். ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம் காற்றின் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். கோபித்து ஒரு வார்த்தை அவர் சொல்லவே இல்லை. என் பிரிவுபசார விழாவுக்கு வந்தார், மாலை போட்டார், போய்விட்டார்.

அந்த ஏவுதல் முடிந்த இரண்டாம் வாரம் ஊருக்குப் போகும் பேருந்தில் தரணியிடம் சொன்னேன். சொல்லாமல் அவன் வீட்டில் சாப்பிட எனக்கு முடியவில்லை. பத்து நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"வேற யாரு கோளா இருந்தாலும் இதே மாதிரி வெரல நிறுத்தி வச்சிருப்பியா?"

"இல்ல. அழுத்தியிருப்பேன்."

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் பேசினான்.

"பூச்சி வுழுந்துடுமேன்னு வௌக்கு வச்சப்புறம் சோறு துன்னாதவன்டா நானு. அந்தக் குப்பத்து ஜனத்த அந்தாண்ட வச்சிட்டு, என் கடிகாரத்த இந்தாண்ட வச்சியா நீ? யார்ரா உன்ன கேட்டது?"

"தரணி..."

"பேசாத. ஊரே என்னக் கட்டிப் புடிச்சிக்கினு அழுவுது. நான் இன்னான்னு சொல்வேன்?"

வாலாஜாபாத் வந்தது. இறங்கும்போது எப்போதும், "பாத்துப் போடா" என்பான். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேருந்தில் நாங்கள் ஒன்றாகப் போகவில்லை. அவனும் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டான், இரண்டு பேருக்கும் நடுவில் முக்கால் மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆறு வருடம் ஓடிவிட்டது. அவன் கடிகாரம் ஒரு நாளைக்குப் பலமுறை என் வீட்டு மொட்டைமாடியைக் கடந்து போகிறது. நேரம் பார்த்து வைத்துக்கொண்டு நான் மாடியில் போய் நிற்பேன். கண்ணுக்குத் தெரியாது. கீழே பச்சையப்பனின் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இவ்வளவையும் எழுதி முடித்தபின் அனுப்ப மனம் வரவில்லை. அனுப்பினால் என் பொய் வெளியே வரும், அது போகட்டும். தரணியின் கடிகாரத்துக்கும் அந்தக் கறை வரும். அவனைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் தாளில் அச்செடுத்துக்கொண்டு நேற்று வாலாஜாபாத் வழியாக அவன் கிராமத்துக்குப் போனேன். அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். காலி டப்பாவாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று கற்கண்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பத்மாதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, டப்பாவைப் பார்த்தாள். மூடியிலிருந்த பெயரை விரலால் தடவினாள். "இத்த ஆறு வருஷமா தேடிக்கினு இருக்கேன்ணா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தரணி கொல்லையில் நெல் காயப் போட்டுக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தான். தாள்களை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். பேருந்தில் பேசியதை எழுதியிருந்த பக்கத்தை இரண்டு முறை படித்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து, ஓரிடத்தில் அடித்துத் திருத்தினான். 'இரண்டு விநாடி' என்று நான் எழுதியிருந்ததை அடித்து '2.4' என்று எழுதியிருந்தான். மேலே இப்போது இருப்பது அவன் கணக்கு. அந்த எண்ணை நான் அவனிடம் சொன்னதே இல்லை. எங்கேயோ தேடிப் பார்த்து இத்தனை வருடமாக மனசில் வைத்திருக்கிறான்.

"கடிகாரக்காரன்கிட்ட கொறச்சு எழுதிக்கினு வராதடா" என்றான்.

"உன் பேரை எடுத்துடட்டுமா?"

"எதுக்கு? இருக்கட்டும். மூணு செகண்ட் கிரேஸாம் கிரேஸு. அந்தப் பொண்ணுக்கு மொதல்ல இத்த அனுப்பு."

பத்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணா, மணி அஞ்சு ஆவுது. சாப்ட்டுத்தான் போவணும்."

தரணி தாள்களை மடித்து என் கையில் கொடுத்தான். "இப்ப வேணாம் பத்மா. இவன் இன்னும் அந்தச் சேர விட்டு எழுந்துக்கல. அனுப்பிட்டு நாளைக்கி வரட்டும்" என்றான். நான் தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து, "பாத்துப் போடா" என்று கேட்டது.

நிவேதா, நேற்று நடந்ததற்கு முன்னால் எழுதியதை எல்லாம் அவன் படித்துவிட்டான். கடைசிப் பகுதியை இன்று சேர்த்தேன். நான் கையெழுத்துப் போட்ட காரணம் பொய். பெட்டி அன்றைக்கு அழுத்தியது சரி, நான் அழுத்தாததுதான் தப்பு. அதற்குக் கிரேஸ் எதுவும் கொடுக்காதீர்கள். முடிந்தால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் எல்லாரும் ஒருமுறை குப்பத்துக்குப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வாருங்கள். செல்வியம்மா கடை இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

இப்போது மணி நாலாகப் பத்து நிமிடம். வாலாஜாபாத் வண்டி நாலேகாலுக்கு. அங்கே ஐந்தரைக்குத் தட்டு எடுத்து வைத்துவிடுவார்கள். இதை அனுப்பும் பொத்தான் திரையின் கீழே இருக்கிறது. அழுத்திவிட்டுக் கிளம்புகிறேன்.